ஆரல்வாய்மொழிக் காற்றைப் பெட்டியில் பூட்டலாமா?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். குமரி மாவட்டத்தில் அந்தக் காற்றுக்கு வாசல் ஆரல்வாய்மொழி. மலைக்கும் மலைக்கும் நடுவே உள்ள கணவாய் வழியாக அது புகுந்து வருகிறது. வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி வரை ஓயாது. முப்பந்தல் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கும்.

சுழன்றால் மின்சாரம் வரும். நின்றால் வராது.

இதில்தான் சிக்கல். காற்று யாருடைய சொல்லையும் கேட்டு அடிப்பதில்லை. ஊர் உறங்கும் நள்ளிரவில் ஓங்கி அடிக்கும். வீட்டுக்கு வீடு விளக்குப் போடும் மாலை நேரத்தில் சில நாள் ஓய்ந்துவிடும். காற்றும் வெயிலும் சேர்ந்து மின்சாரத்தைக் கொட்டும் வேளையில் அதை வாங்க ஆள் இருப்பதில்லை. அப்போது நல்ல காற்றிலேயே காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்கள். அதே நாள் மாலையில் மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு வருகிறது. மின்சந்தையில் விலை ஏறுகிறது. யூனிட்டுக்கு 10 ரூபாய் என்ற உச்ச வரம்பைத் தொட்ட நாட்களும் உண்டு.

மதியம் வீணாவதை மாலைக்கு எடுத்து வைக்க முடியாதா?

முடியும் என்கிறார்கள் நிபுணர்கள். அதற்குத்தான் பாட்டரி நிலையங்கள் வருகின்றன. 2023-ம் ஆண்டு செப்டம்பரில் மத்திய மந்திரி சபை ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. 40 லட்சம் யூனிட் சேமிக்கக்கூடிய பாட்டரி நிலையங்களை நாட்டில் நிறுவுவது. முதலீட்டில் 100-க்கு 40 பங்கு வரை அரசாங்கம் உதவுவது. இதுதான் திட்டம். தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகமும் 2025-ம் ஆண்டில் பாட்டரி நிலையங்களுக்கு டெண்டர் கேட்டது.

இந்தப் பாட்டரிக்குள் என்ன இருக்கிறது? வீட்டில் இன்வெர்ட்டருக்கு அடியில் இருக்கிற பெட்டிதானா அது? அல்லது வேறா?

வீட்டுப் பெட்டியின் கணக்கு

முதலில் வீட்டுப் பெட்டியைப் பார்ப்போம்.

நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் வீடுகளில் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-மணி. அதாவது 1.8 யூனிட். அவ்வளவுதான்! ஐம்பது கிலோவுக்கு மேல் எடை. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். அத்தனை பெரிய பெட்டிக்குள் இருப்பது இரண்டு யூனிட் கூட இல்லை.

இப்போது காற்றாலையின் கணக்கு. முப்பந்தலில் உள்ள பழைய காலத்துச் சிறிய காற்றாலை ஒன்றின் சக்தி 250 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல காற்றில் அது ஒரு மணி நேரம் ஓடினால் 250 யூனிட். அதைச் சேமிக்க வீட்டுப் பாட்டரிகள் 139 வேண்டும். பாட்டரியை அடியோடு காலி செய்தால் அது சீக்கிரம் கெட்டுப் போகும். பாதியளவுதான் எடுக்க வேண்டும் என்றால் 278 பாட்டரி. எடை ஏறத்தாழ 15 டன்!

ஒரு சிறிய காற்றாலையின் ஒரு மணி நேரத்துக்கே இந்தப் பாடு.

காரீயம் பேசிய கதை

ஆனாலும் இந்தக் கனத்த பெட்டியை ஏளனமாக நினைக்கக் கூடாது. அதற்கு வயது 160-க்கு மேல்.

1859-ம் ஆண்டில் பிரான்சு நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளான்டே அதைக் கண்டுபிடித்தார். இரண்டு காரீயத் தகடுகளை எடுத்தார். ஒன்றையொன்று தொடாதபடி நடுவே துணி வைத்துப் பாய் போலச் சுருட்டினார். கந்தகத் திராவகம் கலந்த தண்ணீரில் இறக்கினார். மின்சாரம் ஏற்றினார். ஏற்றிய மின்சாரம் திரும்பக் கிடைத்தது! தீர்ந்ததும் மறுபடி ஏற்ற முடிந்தது. உலகத்தின் முதல் மறுமின்னேற்றப் பாட்டரி இதுவே.

உள்ளே நடப்பது என்ன?

பாட்டரிக்குள் இரண்டு விதத் தகடுகள் இருக்கின்றன. ஒன்றில் இருப்பது பஞ்சு போன்ற காரீயம். அதன் நிறம் சாம்பல். இன்னொன்றில் இருப்பது காரீயமும் பிராணவாயுவும் சேர்ந்த பொருள். அதன் நிறம் கரும்பழுப்பு. இரண்டுக்கும் நடுவே கந்தகத் திராவகம். விளக்கைப் போட்டதும் இரண்டு தகடுகளும் திராவகத்தில் உள்ள கந்தகப் பொருளை இழுத்துக்கொள்கின்றன. அந்த வேலை நடக்கும்போதுதான் கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. திராவகம் மெள்ள மெள்ளத் தண்ணீராகிறது. சார்ஜ் ஏற்றும்போது எல்லாம் தலைகீழாக நடக்கிறது. தகடுகள் கந்தகத்தைத் திருப்பிக் கொடுக்கின்றன. திராவகம் மீண்டும் கனக்கிறது.

அதனால்தான் மெக்கானிக் ஒரு கண்ணாடிக் குழாயை விட்டுத் திராவகத்தை உறிஞ்சிப் பார்க்கிறார். உள்ளே மிதக்கும் அளவுகோல் திராவகத்தின் கனத்தைக் காட்டும். தண்ணீரைப் போல 1.25 மடங்குக்கு மேல் கனமிருந்தால் பாட்டரி நிறைந்திருக்கிறது. 1.15-க்குக் கீழே வந்தால் காலியாகிவிட்டது.

இப்படி ஒரு அறை கொடுப்பது 2 வோல்ட். ஒரே பெட்டியில் ஆறு அறைகளை வரிசையாக வைத்தால் 12 வோல்ட். பாட்டரியின் தலையில் ஆறு மூடிகள் இருப்பதன் காரணம் இதுதான்.

1881-ம் ஆண்டில் கமில் போரே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஒரு நல்ல யோசனை சொன்னார். வெறும் தகடு வேண்டாம். காரீயப் பொடியைக் குழைத்துத் தகட்டில் பூசுங்கள் என்றார். பூச்சில் நுண்ணிய துவாரங்கள் உண்டு. திராவகம் உள்ளே வரை ஊறும். சேமிப்பு பல மடங்கு கூடியது. இன்றும் அதே முறைதான். ஜன்னல் கம்பி போன்ற சட்டம் ஒன்றை வார்த்து, அதில் காரீயப் பசையை அப்புகிறார்கள். வெறும் காரீயம் மெதுவானது, வளையும். ஆகவே சட்டத்துக்கு ஆன்டிமனி என்ற உலோகத்தைச் சிறிது சேர்த்தார்கள். சட்டம் உறுதியானது. ஆனால் தண்ணீர் வேகமாக வற்றியது. பிறகு கால்சியம் சேர்த்தார்கள். தண்ணீர் வற்றுவது குறைந்தது.

ஒரே சாதி, இரண்டு குணம்

கார் பாட்டரியும் வீட்டுப் பாட்டரியும் ஒன்றுதானே என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

கார் எஞ்சினைக் கிளப்ப ஒரே நொடியில் ஏராளமான மின்சாரம் வேண்டும். அதற்கு மெல்லிய தகடுகள் பலவற்றை நெருக்கி வைக்கிறார்கள். ஓட்டப் பந்தயக்காரனைப் போல அது பாயும், நெடுந்தூரம் நடக்காது. வீட்டுப் பாட்டரிக்கு அந்தப் பாய்ச்சல் வேண்டாம். மணிக்கணக்கில் நிதானமாகக் கொடுக்க வேண்டும். ஆகவே காரீயப் பொடியைத் தடித்த குழாய் உறைகளில் அடைத்து வைக்கிறார்கள். பொடி உதிராது. ஆயுள் கூடும். இதைத்தான் கடையில் டியூபுலர் பாட்டரி என்கிறார்கள்.

குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் சின்ன முட்டத்திலும் விசைப்படகுகளில் பாட்டரி உண்டு. எஞ்சினைக் கிளப்பவும், விளக்குக்கும், வயர்லெஸ் கருவிக்கும் அதுவே துணை. படகுக்காரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. காரீயப் பாட்டரிக்குள் கடல் தண்ணீர் புகுந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். பாட்டரியை உயரமான இடத்தில், மூடிய பெட்டியில், ஆனால் காற்றோட்டத்தோடு வைக்க வேண்டும்.

ஒக்கிப் புயல் கற்பித்த பாடம்

2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தை உலுக்கியது. மரங்கள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து விழுந்தன. வாழையும் ரப்பரும் அழிந்தன. கடலுக்குப் போன மீனவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன.

அப்போது வீட்டுப் பாட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? இரண்டு மின்விசிறி, நாலு விளக்கு என்று 200 வாட் செலவழித்தால், 1,800 வாட்-மணிப் பெட்டி காகிதக் கணக்கில் ஒன்பது மணி நேரம். இன்வெர்ட்டர் தின்பது போக அதுவும் இல்லை. ஒரே இரவில் தீர்ந்துவிடும்.

அதற்குப் பின்புதான் பெரிய அபாயம். காலியான காரீயப் பாட்டரியை நாட்கணக்கில் அப்படியே விட்டால், தகட்டில் படிந்த கந்தகப் பொருள் கல்லாக இறுகிவிடும். பிறகு மின்சாரம் ஏற்றினாலும் கரையாது. பாட்டரி செத்தது செத்ததுதான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, புயல் நாளில் விசிறியை நிறுத்திவிட்டு ஒரு விளக்கும் கைப்பேசியும் மட்டும் வைத்துக்கொண்டால் அதே பெட்டி பல நாள் வரும். இரண்டு, அடிக்கடி முழுதாகக் காலியாகி நிறைய வேண்டிய வேலைக்குக் காரீயம் ஏற்றதல்ல. காற்றாலை மின்சாரத்தைச் சேமிப்பது அப்படிப்பட்ட வேலைதான். தினமும் நிறைய வேண்டும். தினமும் காலியாக வேண்டும்.

லித்தியம் வந்தது

ஆகவே பெரிய நிலையங்களுக்கு லித்தியம் பாட்டரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

உலோகங்களில் மிக இலேசானது லித்தியம். 1991-ம் ஆண்டில் ஜப்பானில் சோனி கம்பெனி லித்தியம் அயான் பாட்டரியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழி வகுத்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகியோர் அவர்கள். பரிசு பெறும்போது குட்இனஃபுக்கு வயது 97!

இதன் அமைப்பே வேறு. ஒரு பக்கம் தாமிரத் தாளில் பூசிய பென்சில் கரி. மறு பக்கம் அலுமினியத் தாளில் பூசிய உலோகக் கலவை. லித்தியத்தின் துகள்கள் ஊஞ்சல் ஆடுவது போல இங்கும் அங்கும் போய் வருகின்றன. தகடு கரைவதில்லை, திராவகம் தண்ணீராவதில்லை. ஒரு கிலோ காரீயப் பாட்டரி 30 முதல் 40 வாட்-மணி வரை சேமிக்கும். ஒரு கிலோ லித்தியம் பாட்டரி 100-க்கு மேலும் சேமிக்கும். காரீயம் ஆயிரம் சொச்சம் தடவை நிறைந்து காலியானால் தளர்ந்துவிடும். லித்தியம் பல ஆயிரம் தடவை தாங்கும்.

தீப்பிடிக்குமே என்ற பயம் உண்டு. அது வீண் பயம் அல்ல. 2022-ம் ஆண்டில் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்த செய்திகள் நாட்டையே கலங்க வைத்தன. அதன் பிறகு அரசாங்கம் சோதனை விதிகளை இறுக்கியது. லித்தியத்திலும் பல வகை உண்டு. அவற்றில் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த வகை மற்றவற்றைவிடச் சூட்டைத் தாங்கும். ஆயுளும் அதிகம். எடை சற்றுக் கூடுதல். நிலையத்தில் ஓரிடத்தில் நிற்கிற பாட்டரிக்கு எடை ஒரு பாரமல்ல. ஆகவே அந்த வகைக்கே கிராக்கி.

ஆனால் லித்தியம் எங்கே இருக்கிறது? ஆஸ்திரேலியாவில் தோண்டுகிறார்கள். சிலியில் உப்பு ஏரியிலிருந்து எடுக்கிறார்கள். சுத்தம் செய்வதிலும் பாட்டரி செய்வதிலும் சீனா முன்னே நிற்கிறது. 2023-ம் ஆண்டில் காஷ்மீர் பக்கம் ரியாசியில் லித்தியம் இருப்பதாக அறிவிப்பு வந்தது. ஏலத்துக்குப் போதிய போட்டி இல்லாமல் அது நின்றுபோனது. காற்று குமரியுடையது, பெட்டி கடல் கடந்து வருகிறது!

உப்பும் சிரட்டையும்

இதற்கு மாற்று உண்டா? உண்டு. அதன் பெயர் சோடியம் பாட்டரி.

சோடியம் என்றால் உப்பில் இருக்கும் உலோகம். புத்தளத்திலும் சாமித்தோப்பிலும் உப்பளங்கள் இருக்கின்றன. பக்கத்துத் தூத்துக்குடியிலோ கேட்கவே வேண்டாம். லித்தியம் செய்யும் ஊஞ்சல் வேலையைச் சோடியமும் செய்யும். இதற்குத் தாமிரத் தாள் தேவையில்லை. இரண்டு பக்கமும் அலுமினியமே போதும். பென்சில் கரிக்குப் பதிலாக வேறு ஒரு கடினக் கரி வேண்டும். அந்தக் கரியைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் செய்யலாம்! சிரட்டைக்குக் குமரியில் பஞ்சமா?

இதைக் கேட்டதும் உப்பளத்து உப்பையும் அடுப்படிச் சிரட்டையையும் போட்டுப் பாட்டரி செய்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. உப்பைச் சோடா உப்பாக மாற்ற வேண்டும். சிரட்டையைக் காற்றுப் படாமல் கடும் சூட்டில் வாட்ட வேண்டும். எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். அதற்குத் தொழிற்சாலை வேண்டும். சோடியம் பாட்டரி லித்தியத்தைவிடக் கனமும் கூட. ஆனாலும் சீனாவின் பெரிய பாட்டரிக் கம்பெனி ஒன்று 2021-ம் ஆண்டிலேயே இதை அறிமுகப்படுத்திவிட்டது.

தமிழ்நாட்டில் இதற்கு அறிவு இல்லாமல் இல்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவான அந்த நிலையம் 1953-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. பாட்டரி ஆராய்ச்சி அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அங்கே தேறுகிற முறை தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். அதுதான் அடுத்த படி.

எது முடியும், எது முடியாது?

பாட்டரி நிலையம் வந்தால் ஆடிக் காற்றைத் தை மாதம் வரை வைத்திருக்கலாமா?

முடியாது. இதை மக்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு ஒரு நாளில் செலவழிக்கும் மின்சாரம் 30 கோடி யூனிட்டுக்கு மேல். மத்திய அரசாங்கம் 2023-ம் ஆண்டில் நாடு முழுவதற்கும் அனுமதித்தது 40 லட்சம் யூனிட் சேமிப்பு. தமிழ்நாட்டுக்கு அது அரை மணி நேரம் கூடக் காணாது. பாட்டரி மாதங்களைச் சேமிக்காது. சில மணி நேரத்தைச் சேமிக்கும். மதியத்து மிச்சத்தை மாலை விளக்குக்குத் தரும். அதுவே பெரிய லாபம். விலை ஏறும் நேரத்தில் வெளியே வாங்குவது குறையும். நல்ல காற்றில் காற்றாலையை நிறுத்துவதும் குறையும்.

நெடுநேரச் சேமிப்புக்குத் தண்ணீர் நல்லது. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். இதுவும் ஒரு பாட்டரியே. தண்ணீரும் வேண்டும், பாட்டரிப் பெட்டியும் வேண்டும்.

செத்த பாட்டரி எங்கே போகிறது?

கடைசியாக, ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய விஷயம்.

லித்தியம் வந்தாலும் வீடுகளிலும் படகுகளிலும் காரீயம் இன்னும் பல ஆண்டு இருக்கும். விலை குறைவு, எந்த ஊரிலும் பழுது பார்க்க ஆள் உண்டு. இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. பழைய காரீயத்தை உருக்கி மறுபடி மறுபடி பாட்டரி செய்யலாம்.

அந்த நன்மையே அபாயமும் ஆகிறது. காரீயம் 327 டிகிரிச் சூட்டிலேயே உருகிவிடும். சாதாரண அடுப்பே போதும். ஆகவே சிலர் கொல்லைப் புறத்தில் பாட்டரியை உடைக்கிறார்கள். திராவகத்தை மண்ணில் ஊற்றுகிறார்கள். காரீயத்தை உருக்குகிறார்கள். புகையும் தூசியும் அக்கம்பக்கத்தில் படிகின்றன. மண்ணில் விளையாடும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகின்றன.

காரீயம் கொடிய விஷம். இவ்வளவு போனால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் அதை நாலைந்து மடங்கு அதிகமாக இழுக்கும். மூளை வளர்ச்சி குன்றும். படிப்பு ஏறாது. உலகத்தில் மூன்று குழந்தைகளில் ஒன்றின் இரத்தத்தில் காரீயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாக 2020-ம் ஆண்டில் யூனிசெப் அறிக்கை கூறியது. எண்ணிக்கை 80 கோடி வரை! பழைய பாட்டரிகளை முறையின்றி உருக்குவது இதற்கு முக்கிய காரணம் என்றும் சொன்னது.

சட்டம் இருக்கிறது. 2001-ம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2022-ம் ஆண்டு ஆகஸ்டில் புதிய பாட்டரிக் கழிவு விதிகள் வந்தன. பாட்டரி செய்த கம்பெனியே பழைய பாட்டரிக்கும் பொறுப்பு என்று அவை கூறுகின்றன. லித்தியம் பாட்டரிக்கும் அதே விதிதான். ஆனால் வீட்டுக்காரர் பாட்டரியைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் கம்பெனி எதை எடுக்கும்?

ஆகவே இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

பாட்டரிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஆகாது.

சார்ஜ் ஏறும்போது எரியும் வாயு கிளம்பும். பக்கத்தில் தீக்குச்சி கிழிக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

காலியான பாட்டரியை உடனே சார்ஜ் செய்யுங்கள்.

குழந்தைகளைப் பாட்டரிப் பக்கம் விடாதீர்கள். தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பழைய பாட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள். அதற்கு விலையில் கழிவு கிடைக்கும். தெருவில் வருகிறவர் சற்றுக் கூடுதலாகத் தரலாம். அந்தக் கூடுதல் பணம் யார் வீட்டுக் குழந்தையின் உடம்பிலிருந்து வருகிறது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

ஆரல்வாய்மொழியில் நாளைக்குப் பாட்டரி நிலையம் வந்தாலும் சரி, வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்கினாலும் சரி, கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? செத்த பிறகு இது எங்கே போகும்? இரண்டுக்கும் ஒழுங்கான பதில் சொல்கிறவரிடமே வாங்குங்கள்.